மோவாய் மேஸ்திரிகள்

மனிதர்களில் மோவாய் மேஸ்திரி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். அதைவிட முக்கியம், அவர்கள் உங்களைப் பார்த்திருக்கிறார்கள். எதிரே வந்து நின்று "சௌக்கியமா?" என்று கேட்கிறவரை அவர்களுடைய கண் உங்கள் கண்ணில்தான் இருக்கும். நீங்கள் "சௌக்கியம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அது மெல்ல இறங்கி, மூக்கைத் தாண்டி, மேலுதட்டில் சற்றுத் தங்கி இளைப்பாறி, மோவாய்க்கு வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் மேலே ஏறாது. மாமனார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள், மழையில் வீட்டு ஓடு சரிந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் "அய்யோ பாவம்" என்று உருகிக்கொண்டே, அங்கே முளைத்திருப்பது மூன்றா நான்கா என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், கிட்டத்திலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாரிகுப்பத்திலிருந்து விடிவதற்கு முன் பெங்களூருக்குக் கிளம்புகிற ரயிலில், பெண்கள் பெட்டியில் ஏற வேண்டும். காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், சாயங்காலம் அதே அளவு, தினமும் அதே ஆட்கள், அதே இடம், எதிரும் புதிருமாக, முழங்கால் இடிக்க. தலைக்கு நேர் மேலே டியூப்லைட். ஒருத்தியின் புருஷன் முகம் அவளுக்கு மறந்துபோகலாம். எதிர் சீட்டுக்காரியின் மேலுதடு மறக்காது. தங்கச் சுரங்கம் மூடியபிறகு எங்கள் ஊருக்கு மிஞ்சியது இந்த ரயில்தான். தாத்தாக்கள் கேஜ் என்கிற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் ரயிலில் ஏறி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நான் பதினோரு வருடமாக அதில் போய்வருகிறேன். மோவாய் விவகாரத்தில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது, வெறுமனே வேடிக்கை பார்க்கிறவள் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெட்டியின் தலைமை மேஸ்திரி மரியகுழந்தை அக்கா. சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுவார், ஒய்ட்ஃபீல்டில் இறங்குவார். அங்கே ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். தைத்து வருகிற சட்டைகளில் எங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக் கத்தரிக்கச் சொல்வதுதான் வேலை. இருபது வருடம் அதையே செய்த கண் ரயிலில் மட்டும் சும்மா இருக்குமா? ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, கலகலப்பான குரல். குளிருக்கு என்று தலையோடு சேர்த்து மோவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்ட ஒரு கம்பளி ஸ்கார்ஃப். சித்திரை மாதத்திலும் அவருக்குக் குளிரும். உடம்பு வாகு என்று நாங்கள் கேட்டதில்லை.

அக்காவின் ஆலோசனை எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத கண்ணு." தப்பாக நினைக்கும்படியான ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே மணி. இரண்டாவது வாக்கியம், "எங்க ஓர்ப்படி பொண்ணு ஒருத்தி கீறா." இந்த ஓர்ப்படி பெண் இருக்கிறாளே, அவள் முகத்தில் நடக்காத சோதனை உலகத்தில் கிடையாது. கிரீம் தடவி வெந்துபோனது அவளுக்குத்தான். மெழுகு வைத்து இழுத்ததில் முடி நின்று தோல் வந்ததும் அவளுக்குத்தான். யாரோ சொன்னார்கள் என்று குப்பைமேனியை அரைத்துப் பூசிக்கொண்டு, பச்சை முகத்தோடு வாசலில் போஸ்ட்மேனுக்குக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். பதினோரு வருடத்தில் எங்களில் ஒருவரும் அவளைப் பார்த்ததில்லை. பார்த்தால் கும்பிட வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சரி, அந்த முடியை எடுக்க எதுதான் நல்ல வழி? இந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்டுவிட்டு மாலூர் வரை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் பூசினால் முகம் மஞ்சளாகும், முடி கறுப்பாகவே இருக்கும். நூல் போட்டால் போகும், ஆனால் பத்தாம் நாள் தன் அக்கா தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வரும். மெழுகு மேலுக்கு நல்லது, மோவாய்க்கு ஆகாது. கிரீம் வாசனையே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும். ஷேவ் பண்ணினால் முள்ளாக முளைக்கும். லேசர் பணக்காரர்களுக்கு.

"அப்ப இன்னாதான் பண்றது அக்கா?"

"அதான் சொல்லிக்கினு கீறேனே. ஒண்ணியும் பண்ணாத. ஆனா அப்படியே வுட்றாத."

இதுதான் மேஸ்திரி இனத்தின் தாரக மந்திரம். ஒன்றும் செய்யக்கூடாது, சும்மாவும் விடக்கூடாது. நடுவில் இருக்கிற இடத்தில் நீங்கள் எப்படியாவது வாழ்ந்துகொள்ள வேண்டும்.

எல்லா மேஸ்திரிக்கும் இருக்கிற மாதிரி அக்காவுக்கும் எதிர்க்கட்சிகள் உண்டு. கே.ஆர்.புரத்தில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்கிற லூயிசா மெழுகுக் கட்சி. உலகத்தில் உள்ள எந்தப் பிரச்சினையையும் சூடாக்கித் தடவி ஒரே இழுப்பில் தீர்த்துவிடலாம் என்பது அவள் கொள்கை. கங்கம்மா மஞ்சள் கட்சி. "பேடா பேடா, மிஷின் எல்லாம் பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் சொல்லித் தொடங்கி, கஸ்தூரி மஞ்சளை எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று தமிழில் முடிப்பாள். நாற்பது வருடமாகப் பூசுகிறாள். பலன் இருக்கிறதா என்று மட்டும் யாரும் டியூப்லைட்டுக்கு அடியில் வைத்துக் கேட்கவில்லை.

இவர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள் நிவேதா.

மைசூர் மைன்ஸ் பகுதிப் பெண். இருபத்தாறு வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் போனில் வருகிற புகார்களைக் கேட்டுப் பதில் சொல்கிற வேலை. பேச்சில் கெட்டிக்காரி. நாலு மொழியில் வருகிற கோபத்தை நாலு மொழியில் தணிப்பாள். அப்படிப்பட்டவள் ரயிலில் பேசும்போது மட்டும் இடது கை தானாக எழுந்து மோவாயை மூடிக்கொள்ளும். யோசிக்கிறாள் போல இருக்கிறது என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுக்க வரச் சொல்லி ஆபீசில் ஐந்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பது பேர் முன்னால், வெளிச்சத்தில், இரண்டு கையையும் வீசிக்கொண்டு நிற்கிற வேலை. அவளுக்கு ஆசைதான். "அடுத்த மாசம் சார்" என்று ஐந்து மாதமும் சொன்னாள். தினமும் ரயிலுக்குக் கிளம்புவதற்கு அரைமணி முன்னால் எழுந்து, செல்போன் வெளிச்சத்தில் சிமிட்டா வைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். பிடுங்கிய இடமெல்லாம் கறுப்புப் புள்ளி விழுந்து, முடியை விடப் புள்ளி அதிகமாகிவிட்டது.

கடைசியில் அவள் செய்த காரியம் எங்கள் பெட்டியின் வரலாற்றிலேயே யாரும் செய்யாதது. எங்களைக் கேட்காமல் டாக்டரிடம் போய்விட்டாள்.

இதெல்லாம் பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தத் தோல் டாக்டர் முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னார். பிறகு இரண்டு வழி சொன்னார். லேசர் வேகமானது, பெரிய இடத்தை ஒரே வீச்சில் பார்த்துக்கொள்ளும், ஆனால் கறுப்பு முடியைத்தான் அதற்கு அடையாளம் தெரியும். நிவேதாவுக்கு இருப்பது முப்பது நாற்பது தடித்த முடி, அதிலும் சிலது நிறமே இல்லாதவை, ஆகவே எலக்ட்ரோலிசிஸ். ஒவ்வொரு முடியின் வேருக்கும் மெல்லிய ஊசியை இறக்கி, துளி கரண்ட் விட்டு வேரை அழிப்பார்கள். ஒவ்வொன்றாகத்தான் முடியும். பல தடவை வர வேண்டும். ஆனால் அழிந்த வேர் அழிந்ததுதான். அந்த ஊசி வேலை தெரிந்த அம்மா மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் அந்தக் கிளினிக்குக்கு வருவார். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று வாரத்துக்குப் பிடுங்கக்கூடாது, நூல் போடக்கூடாது, மெழுகு கூடாது. முடி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியே நின்றால்தான் ஊசிக்கு வழி தெரியும்.

யோசித்துப் பாருங்கள். முடி போக வேண்டுமானால் முதலில் வளர்க்க வேண்டும். அதுவும் எங்கே? மரியகுழந்தை அக்காவுக்கு எதிர் சீட்டில்.

வீட்டில் அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அப்பா, அதாவது எங்களுக்குச் சுப்பிரமணி மாமா, சுரங்கம் மூடுகிறவரை உள்ளே எலக்ட்ரிஷியனாக இருந்தவர். மோவாய் என்றதும் வாயைத் திறக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், கரண்ட் என்றதும் பேப்பரை மடித்துவிட்டார். மேஸ்திரி இனத்தில் ஆண்களும் உண்டு, சும்மா சொல்லக்கூடாது.

"கரண்டா? மூஞ்சியிலயா? எத்தினி வோல்ட்டு?"

"ரொம்பக் கம்மிப்பா."

"கம்மின்னா? எர்த் குடுத்துக்கீறாங்களா? பியூஸ் எங்க போட்டுக்கீறாங்க, பாத்தியா?"

"நான் அதெல்லாமாப்பா பாப்பேன்?"

"அப்ப லேசர்?"

"அது வெறும் லைட்டுப்பா. மேலயிருந்து அடிப்பாங்க."

மாமா பேப்பரைக் கீழே வைத்தார். "மேல நின்னுக்கினு லைட் அடிச்சா தங்க ரீஃப் வருமா? வேரு எந்த லெவல்ல கீதோ அந்த லெவலுக்கு எறங்கினாதாம்மா வேல நடக்கும். ஊசியே போடு." இவ்வளவுதான். டாக்டர் அரைமணி நேரம் எடுத்துச் சொன்னதை அவர் ஒரு சுரங்க ஷாஃப்ட் கணக்கில் முடித்துவிட்டார். முடித்த கையோடு எழுந்துபோய் வீட்டு மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாராம். எதற்கென்று அவருக்கே தெரியாது.

நிவேதா பிடுங்குவதை நிறுத்தினாள். துப்பட்டாவை மோவாய் வரைக்கும் ஏற்றிச் சுற்றிக்கொண்டு ரயிலில் வந்தாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னாள். இருமியும் காட்டினாள். மூன்று வாரம் அவள் அந்தப் பெட்டியில் சிரிக்கவில்லை, சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. தூங்கினால் துப்பட்டா நழுவிவிடுமே. எங்களிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் பெட்டியில் சொல்வதும் பங்காருப்பேட்டை ஸ்டேஷன் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

பங்காருப்பேட்டையில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். ஆண்கள் பெட்டியில் அந்த நேரத்துக்கு டீ. எங்கள் பெட்டியில் நூல். ஓடுகிற வண்டியில் புருவத்துக்கு நூல் போட முடியாது. ஒருமுறை முயற்சி செய்து பார்த்ததில் கங்கம்மா ஒன்றரை மாதம் பென்சிலால் வரைந்துகொண்டு வேலைக்குப் போனாள். அதிலிருந்து, வண்டி முழுதாக நின்றபிறகுதான். அக்கா கைப்பையிலிருந்து நூல் கண்டை எடுப்பார், ஒரு முனையைப் பல்லில் கடிப்பார், மற்றதை இரண்டு கையிலும் முறுக்குவார். முறை வைத்து நாளுக்கு ஒருத்தி. கூலி கிடையாது. ஆலோசனையைக் கேட்டுக்கொள்வதுதான் கூலி. தோலை இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் நான்.

ஆமாம், வேடிக்கை பார்க்கிறவள் என்று சொன்னேன். பதினோரு வருடமாகப் பிடித்துக்கொண்டுதான் வேடிக்கை பார்க்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நிவேதாவின் முறை. "இன்னிக்கு வேணாங்க்கா, தொண்ட சரியில்ல" என்றாள். "தொண்டையிலயா நூல் போடப் போறேன்? வாடி" என்றார் அக்கா. மறுபடியும் மறுத்தால் எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள் என்று பயந்து, கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்தாள். புருவம் இரண்டும் முடிந்தது. தலை சாய்ந்ததில் துப்பட்டா நழுவியது.

மூன்று வாரம் வளர்ந்த முடி டியூப்லைட்டில் பளிச்சென்று தெரிந்தது. அக்காவின் முகத்தில் அப்போது வந்தது கேலி இல்லை. நான் சத்தியம் செய்வேன், அது இரக்கம். பெற்ற பெண்ணைக் கிழிந்த பாவாடையில் பார்த்த தாய்க்கு வருகிற மாதிரி ஒரு தவிப்பு. பாவம், இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லையே, நாம் இருந்தும் இப்படியா என்று. வாயில் நூல் இருந்ததால் பேச முடியாமல், கண்ணாலேயே எனக்கு ஒரு சாடை காட்டினார். எனக்குப் புரிந்தது. புருவத்திலிருந்த என் கை தாடைக்கு இறங்கியது. தோல் இறுகும்படி வாயைச் சேர்த்துப் பிடித்தேன்.

முதல் இழுப்பிலேயே நிவேதா கண்ணைத் திறந்துவிட்டாள். "ம்ம்! ம்ம்ம்!" என்றாள்.

"வலிக்கும்டி, பொறுத்துக்கோ" என்று சொன்னது நான்தான்.

கார்டு விசில் ஊதுவதற்குள் எல்லாம் முடிந்தது. ஒன்று பாக்கியில்லை. லூயிசா வந்து தடவிப் பார்த்து, "பட்டு மாதிரி கீதுடி" என்றாள். வண்டி கிளம்பியது. நிவேதா மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில்தான் என்று கங்கம்மா எங்களுக்கு விளக்கினாள்.

"நாளைக்கு எனக்கு ஊசிக்கா" என்றாள் நிவேதா. "மூணு வாரமா வளத்தேன். அத்த வெச்சுத்தான் வேரை எடுக்கணும். ரெண்டு மாசம் காத்துனு இருந்து வாங்குன தேதி."

டேக்கல் போகிறவரை அக்கா நூலைக் கண்டில் சுற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. என் கட்டைவிரல் பதிந்த தடம் இன்னும் அவள் தாடையில் சிவப்பாக இருந்தது.

இப்போது மேஸ்திரி இனத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான குணம். அவர்கள் வருத்தப்படுவார்கள், மனதாரத்தான் வருத்தப்படுவார்கள். ஆனால் அந்த வருத்தமும் ஆலோசனையாகத்தான் வெளியே வரும்.

"முடிய வளப்பாளா ஒருத்தி? எனக்கு யாரு சொன்னா?" என்று தொடங்கினார் அக்கா. "சரி வுடு கண்ணு. நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. ஊசியே வேணாம். எங்க ஓர்ப்படி பொண்ணு ஒருத்தி..."

"அந்தப் பொண்ணு பேரு இன்னாக்கா?" என்று கேட்டாள் நிவேதா.

அக்காவுக்குப் பேர் வரவில்லை. ஸ்கார்ஃப் முடிச்சை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை முதல் நிவேதா எங்கள் பெட்டிக்கு வரவில்லை. பக்கத்துப் பொதுப் பெட்டியில் ஏறி, உட்கார இடமில்லாமல் பெங்களூர் வரை நின்றுகொண்டு போனாள். ஆண்களுக்கு நடுவில் நின்றால் நிம்மதியாம். அவர்கள் பார்க்கிற இடமே வேறு என்றாளாம் சினேகிதியிடம். அவள் இடத்தில் நாங்கள் யாரையும் உட்கார விடவில்லை. கங்கம்மா தன் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடித்து வைப்பாள். அக்கா அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே வருவார். நூல் கண்டு இரண்டு வாரம் வெளியே வரவில்லை. எல்லாருடைய புருவமும் காடாகிப்போயிற்று.

அடுத்த ஊசித் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, மாரிகுப்பத்திலேயே ஏறித் தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள் நிவேதா. துப்பட்டா தோளில் கிடந்தது. இடது கை மடியில் இருந்தது. மோவாய் முழுக்க முடி, டியூப்லைட்டுக்கு நேராக. சாம்பியனில் அக்கா ஏறி எதிரே உட்காரும்வரை காத்திருந்து, எழுந்து நின்று, புகார்க்காரர்களிடம் பேசுகிற அதே தணிந்த குரலில் சொன்னாள்:

"எல்லாரும் பாத்துக்குங்க. இது என் மோவாக்கட்ட. இத நான் வளக்கறேன். சனிக்கெழம ஊசி. அதுவரிக்கும் யாராச்சும் நூல எடுத்தீங்க, நானே அத்த ஜன்னல் வழியா தூக்கிப் போட்ருவேன். உங்களயும்தான்க்கா" என்று கடைசியில் என்னைப் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். மேஸ்திரி இனத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகுமா?

செவ்வாய்க்கிழமை காலை அக்கா ஏறியதும் ஏறாததுமாகக் குனிந்து பார்த்தார். "இன்னாடி, நேத்திக்கி இருந்த அளவுக்குத்தான் கீது? வளரவே இல்லியே!" உடனே பெட்டி முழுக்க வேலையில் இறங்கியது. கங்கம்மா மஞ்சளை முதல் முறையாகக் கண்டித்தாள். மஞ்சள் பட்டால் வளர்ச்சி நின்றுவிடுமாம், நாற்பது வருட அனுபவமாம். லூயிசா விளக்கெண்ணெய் தடவச் சொன்னாள். அக்கா வீட்டிலிருந்து சின்ன வெங்காயம் அரைத்த சாற்றை மருந்து பாட்டிலில் கொண்டுவந்து நீட்டினார். "தடவு கண்ணு. எங்க ஓர்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு முடி கொட்டினப்ப நல்லா கேட்டுது" என்று முடித்தார். வியாழக்கிழமை புதிதாக ஏறிய ஒரு பெண் நிவேதாவை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் நூல் போட்டா போயிடுமே" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். நாலு பக்கமிருந்தும் பாய்ந்தோம். அவள் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை நிவேதா போனாள். திங்கட்கிழமை வந்தாள். மோவாயில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். ஒரு பதினைந்து வேர் போயிருக்கிறது, மிச்சம் இருக்கிறது, இன்னும் பத்து மாதமாவது ஆகும் என்றாள். ஆபீசில் வகுப்பெடுக்க ஒத்துக்கொண்டுவிட்டாளாம். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து.

"பாதி முடி அப்படியே கீதேடி?" என்றாள் லூயிசா. "முப்பது பேரு பாப்பாங்களே?"

"உங்க முன்னாடி அஞ்சு நாள் உக்காந்தவளுக்கு முப்பது பேர் இன்னாக்கா?" என்றாள் நிவேதா. சொல்லிவிட்டு, இரண்டு கையும் மடியில் இருக்க, வாய்விட்டுச் சிரித்தாள். அவள் பல் வரிசையை நான் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன்.

ஒய்ட்ஃபீல்டு நெருங்கியது. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், வாசலுக்குப் போகாமல் நிவேதாவின் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தணித்துக்கொண்டார். அவருக்குத் தணிந்த குரல் உண்டு என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி.

"வலிக்குதா கண்ணு, அது?"

"எறும்பு கடிக்கற மாதிரிக்கா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்." ஸ்கார்ஃப் முடிச்சைத் தொட்டுக்கொண்டு, "வெள்ள முடிக்கும் வேல செய்யுமா?"

நிவேதா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் அக்காவின் கண்ணிலேயே இருந்தது, கீழே இறங்கவில்லை. ஆனால் என் கண் இறங்கியது. பழக்கதோஷம். வண்டி பிரேக் போட்ட குலுக்கலில் அக்கா மேலே இருந்த கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்க, ஸ்கார்ஃப் முடிச்சு ஒருபக்கமாக இழுபட்டது. மோவாய்க்கு அடியில் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, கொத்தாக. அதற்குப் பக்கத்தில் எட்டணா அளவுக்குப் பழைய சூட்டுத் தழும்பு. கிரீம் தடவி வெந்தால் அப்படித்தான் ஆகும். இன்னொரு பக்கத்தில் தோல் வழன்று சுருங்கியிருந்தது. மெழுகு வைத்து இழுத்ததாக இருக்கும்.

ஓர்ப்படி பெண்ணை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"செய்யும்க்கா" என்றாள் நிவேதா. "வெள்ளைக்கு லேசர்தான் ஆகாது. ஊசிக்கு எல்லாம் ஒண்ணுதான். நானே இட்டுனு போறேன். மூணு வாரம் மட்டும் கத்திரி, சிமிட்டா எதுவும் படாம அப்படியே வளத்துக்கினு வரணும்."

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். கங்கம்மாவை, லூயிசாவை, கடைசியில் என்னை. என் கண் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்தார்.

"மூணு வாரமா?" என்றார். "இவளுங்க நடுவுலயா?"

முடிச்சை இறுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இது நடந்து நாலு மாதமாகிறது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. தலையில் ஸ்கார்ஃப் இன்னும் அப்படியே இருக்கிறது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கை ஒரு தடவையாவது உங்கள் மோவாயைத் தடவிப் பார்த்திருக்கும். அதில் தப்பில்லை, அது உங்கள் மோவாய். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது எதிர் வீட்டுப் பெண்ணோ, மச்சினியோ, ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் இருக்கிறவளோ ஞாபகத்துக்கு வந்து, "அடடா, இந்த ஊசி விஷயத்தை அவளுக்குச் சொன்னால் உதவியாக இருக்குமே, தப்பாக நினைக்க மாட்டாள்" என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் வெட்கப்படாமல் நாளைக் காலை மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறோம். என் முகத்துக்கு நேர் எதிரே, டியூப்லைட்டுக்குக் கீழே.